மூக்குப்பேணியின் வாய்

கேள்வி: வணக்கம் ரீச்சர். எனக்கு வயது 43. உரும்பிராயில் இருக்கிறேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு வேலை. பள்ளிக்கூடத்தில் சித்திரப் பாடம் என்றால் உயிர். 1995 இடப்பெயர்வோடு கொப்பியும் நிறப்பெட்டியும் போயின. பிறகு படிப்பு, வேலை, கலியாணம் என்று காலமும் போய்விட்டது. இப்போது அம்மம்மாவின் மூக்குப்பேணியை (குடிக்கிறதுக்குப் பக்கத்தில் மூக்கு வைத்த உலோகப் பேணி) வரைய ஆசைப்பட்டுப் பதினொரு தரம் வரைந்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் வாய் கோப்பை மாதிரி அகலத் திறந்து, அடி தட்டையாகி, மூக்கு பிறகு யாரோ கொண்டுவந்து ஒட்டினதுபோல் வருகிறது. கோடுகளும் நெளிகின்றன. ஆனால் என் கையெழுத்தைக் கந்தோரில் எல்லோரும் மெச்சுவார்கள். பொங்கலுக்குக் கோலம் கை எடுக்காமல் போடுவேன். போன வருடம் வெள்ளெழுத்துக் கண்ணாடி எடுத்தேன். சாதாரண தரம் படிக்கிற மகன், "அம்மா, உங்களுக்குக் கை வராது. போனில படம் எடுத்துப் பெரிசாக்கி, அதுக்கு மேல பேப்பரை வைச்சு வரையுங்கோ" என்கிறான். பிழை என் கண்ணிலா, கையிலா? மூன்று படங்களை இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்:

தங்கச்சி, படங்கள் மூன்றும் வந்தன. மூன்றாவது, ஏழாவது, பதினோராவது என்று பின்பக்கத்தில் இலக்கம் போட்டிருக்கிறீர்கள். கணக்குப் பார்க்கிறவரின் பழக்கம். அந்த இலக்கத்தால்தான் எனக்கு விசயம் பிடிபட்டது. மூன்றாவதுக்குப் பிறகு எட்டுத் தரம் வரைந்தும் அதே பிழை அதே இடத்தில் நிற்கிறது. கை சரியில்லாதவர் ஒருதரம் இடப்பக்கம் பிழைவிடுவார், மறுதரம் வலப்பக்கம் பிழைவிடுவார். பதினொரு தரமும் ஒரே பிழையை ஒரே அளவில் விடுகிற கை, தனக்குச் சொன்னதைச் சொன்னபடி செய்கிற கை. ஆகவே கையை விடுங்கள். அதற்குச் சொல்லிக்கொடுப்பது யார் என்று பார்ப்போம்.

அடிமட்டம் வைத்து அளந்தேன். பதினோராவது படத்தில் பேணியின் வாய் 8 சென்ரிமீற்றர் அகலம், 6 சென்ரிமீற்றர் உயரம். எங்கள் வீட்டிலும் ஒரு பேணி கிடக்கிறது, மாமியின் சீதனச் சாமான்களோடு வந்தது. அதை மேசையில் மூன்றடி தள்ளி வைத்து, கதிரையில் நிமிர்ந்து இருந்து, ஒரு கண்ணை மூடி, முழங்கை மடங்காமல் நீட்டிய கையில் பென்சிலைப் பிடித்து அளந்தேன். 8 பங்கு அகலத்துக்கு உயரம் 3 பங்குதான் வந்தது. உங்கள் மேசையும் கதிரையும் கொஞ்சம் வித்தியாசப்படலாம். என்றாலும் இரண்டு மடங்கு வித்தியாசம் மேசையால் வராது.

பேணியின் வாய் வட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அதைக் கழுவியிருப்பீர்கள், விரலை விட்டுச் சுற்றித் துடைத்திருப்பீர்கள். கண்ணில் விழுவது நசிந்த வளையம். மூளை அதை வாங்கி, "இது வட்டம்தானே" என்று பாதி நிமிர்த்திவிட்டுத்தான் கைக்குக் கொடுக்கிறது. முழுவட்டமாகவும் கொடுக்காது, விழுந்தபடியும் கொடுக்காது. பிரித்தானிய உளவியலாளர் ரொபேர்ட் தௌலஸ் 1931இல் இதை அளந்து காட்டினார். சாய்த்து வைத்த வட்டத் தட்டுகளைக் காட்டி, கண்ணுக்குத் தெரிகிற வடிவம் எது என்று கேட்டால், ஆட்கள் காட்டியது கண்ணில் விழுந்த வடிவத்துக்கும் உண்மையான வட்டத்துக்கும் நடுவில் நின்றது. உங்கள் படத்தைப் பாருங்கள். கண்ணில் விழுந்தது 3, வட்டம் என்றால் 8, நீங்கள் போட்டது 6.

இதைக் குறை என்று எடுக்காதீர்கள். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால் படலையடிக்குப் போகிற பிள்ளை நடக்க நடக்கச் சிறுத்துப்போவதாகத் தெரியும். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கதவு ஒடுங்குவதாகத் தெரியும். சீவிக்க வேண்டிய திறமை வரைய இருக்கும்போது காலுக்குள் தடக்குகிறது. அவ்வளவுதான். ஓவியர்களுக்கு இந்த மயக்கம் இல்லை என்றுதான் நானும் கனகாலம் நம்பியிருந்தேன். 2011இல் வந்த ஓர் ஆய்வில், பழகிய ஓவியர்களையும் மற்றவர்களையும் ஒன்றாக வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, மூளை செய்கிற இந்தமாதிரித் திருத்தம் ஓவியர்களுக்கும் குறைவில்லாமல் இருந்தது. அவர்களும் ஏமாறுகிறார்கள். ஏமாறுவோம் என்று தெரிந்து பென்சிலை நீட்டி அளக்கிறார்கள்.

அடி தட்டையாக வந்ததும் இதே கதைதான். பேணி மேசையில் ஆடாமல் நிற்கிறது, மேசை தட்டை, ஆகவே அடியும் தட்டை என்று அறிவு சொல்கிறது. கண்ணோ வேறு சொல்கிறது. வாயைவிட அடி உங்கள் கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அடிவளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக வளைய வேண்டும். ஒரு பேணியில் மேலிருந்து கீழே வர வர வளைவு திறந்துகொண்டு போகும். இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், வரையும்போது நேர்கோடு போடுவார்கள். ஒரு போத்தலில் பாதிக்குத் தண்ணீர் விட்டுக் கண்மட்டத்துக்கு உயர்த்தித் தண்ணீரின் விளிம்பைப் பாருங்கள், ஒரு கோடு. மெல்ல மெல்ல இறக்குங்கள், கோடு திறந்து வளையமாகும். ஒருதரம் இறக்கிப் பார்த்தால் போதும்.

இனிக் கோலத்துக்கும் கையெழுத்துக்கும் வருவோம். "சித்திரமும் கைப்பழக்கம்" என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லி வளர்த்தார்கள். முப்பத்தொரு வருடம் வகுப்பில் நின்ற பிறகு அதில் பாதியைத்தான் நான் ஏற்றுக்கொள்வேன். கசூரினா கடற்கரைக்குப் போகிறபோது கால் பெருவிரலால் மணலில் உங்கள் கையொப்பத்தை வைத்துப் பாருங்கள். கால் ஒருநாளும் எழுதிப் பழகவில்லை, ஆனாலும் அது உங்கள் கையொப்பம் என்று பார்க்கிறவருக்குத் தெரியும். எழுத்தின் வடிவம் விரலில் இல்லை, உள்ளே ஓர் ஓட்டமாக இருக்கிறது. விரலோ காலோ அதை நடத்திக் காட்டுகிறது. கோலமும் அப்படி. அடுத்த இழை எங்கே வளைந்து எந்தப் புள்ளியைச் சுற்றும் என்பது மாவைக் கையில் எடுக்கும்போதே உங்களுக்குத் தெரியும். கண் மேற்பார்வை மட்டும் பார்க்கிறது. பேணியை வரையும்போது உள்ளே ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. இந்தப் பேணியை, இந்தக் கதிரையிலிருந்து, இந்த வெளிச்சத்தில் நீங்கள் முன்பு வரைந்ததில்லை. ஒவ்வொரு அங்குலத்தையும் கண் புதிதாகக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கை சும்மா நிற்காது, மனதில் கிடக்கிற பழைய பேணியை எடுத்துப் போட்டுவிடும்.

கண் எவ்வளவு கொண்டுவரும் என்று நினைக்கிறீர்கள்? கையை முழுதாக நீட்டிப் பெருவிரல் நகத்தைப் பாருங்கள். கண்ணுக்கு உண்மையில் கூர்மையாகத் தெரிகிற இடம் ஏறக்குறைய அந்த நகத்தின் அகலந்தான், 2 பாகை. மற்றதெல்லாம் மங்கல். மங்கல் என்று எங்களுக்குப் படாததற்குக் காரணம், கண் ஒரு செக்கனில் மூன்று தரமளவில் பாய்ந்து பாய்ந்து வேறு வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ஆகவே "பேணியைப் பார்த்தேன்" என்று நீங்கள் சொல்லும்போது பார்த்தது நகமளவு துண்டுகள் சிலவற்றை. அதிலிருந்து தலையைக் குனிந்து பேப்பருக்கு வந்து, பென்சில் முனையைத் தேடி, விட்ட இடத்தைப் பிடித்து, கோட்டைத் தொடங்குவதற்குள் துண்டுகள் கலைந்துபோகும். அந்த இடைவெளிக்குள்தான் அம்மம்மாவின் "வட்டமான" பேணி வந்து குந்திக்கொள்கிறது.

உங்கள் ஏழாவது படத்தில் இது அப்படியே தெரிகிறது. இடப்பக்க விளிம்பை வாயிலிருந்து அடிவரை ஒரே மூச்சில் இழுத்திருக்கிறீர்கள். முதல் ஒன்றரை அங்குலம் நல்ல கோடு. கழுத்து உள்ளே போய் வயிறு வெளியே வரத் தொடங்குகிற அந்தச் சின்னத் தயக்கம்கூட விழுந்திருக்கிறது. பேணியைப் பார்த்து வந்தது அது. அதற்குக் கீழே கோடு வழுவழுவென்று ஒரு செம்பின் வயிறாகப் போய்விட்டது. பார்த்தது முடிந்த இடம் எது, நினைத்தது தொடங்கிய இடம் எது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

லண்டன் ஓவியர் ஹம்ப்ரி ஓஷன் முகம் வரையும்போது அவருடைய கண்ணும் கையும் அசைகிற விதத்தைக் கருவி பொருத்திப் பதிந்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒவ்வொரு பார்வைக்கும் அவர் ஆளின் முகத்தில் ஓரிடத்தை மட்டும் பார்த்தார், சும்மா இருக்கும்போது பார்ப்பதைவிடக் கூடிய நேரம் அந்த ஓரிடத்தில் கண்ணை நிறுத்தினார், அந்தச் சின்னத் துண்டைக் கொண்டுபோய்ப் போட்டார், திரும்பவும் நிமிர்ந்தார். டேல் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2005இல் வெளியிட்டதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது: பொருளுக்கும் பேப்பருக்கும் நடுவில் அடிக்கடி கண்ணை மாற்றுகிறவர்களின் படம்தான் கூடுதலாகச் சரியாக வந்தது. என் வகுப்புகளிலும் கண்டது இதுவே. கெட்டிக்காரப் பிள்ளை கோழி தண்ணீர் குடிக்கிற மாதிரித் தலையை நிமிர்த்திக் குனிந்துகொண்டிருக்கும். மற்றது ஒருதரம் நன்றாகப் பார்த்துவிட்டு, கால் மணித்தியாலம் குனிந்த தலை நிமிராமல் வரையும். பிறகு அழிறப்பருக்கு வேலை வரும்.

அழிறப்பர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பேப்பரும் இல்லை, அழிறப்பரும் இல்லை. பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில், ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் வரைந்த பிள்ளைகள் ஒரு கோட்டைப் போடுவதற்கு முன் நாலு தரம் பார்த்தார்கள். அந்தக் காலத்தைப் புகழ்கிறேன் என்று எடுக்க வேண்டாம், அப்படி ஒரு காலம் ஒரு பிள்ளைக்கும் வரக்கூடாது. ஆனால் இன்றைக்கு ஆரம்பிக்கிறவர்களுக்கு முதல் ஒரு மாதம் அழிறப்பர் தருவதில்லை என்று நான் பிடிவாதமாக நிற்பது அதிலிருந்து வந்தது. உங்கள் பதினோராவது படத்தில் வாயடியில் பேப்பர் தேய்ந்து மயிர் எழும்பியிருக்கிறது. இனி பிழையான கோட்டை அழிக்காதீர்கள். அது நிற்க, அதற்குப் பக்கத்தில் சரியானதைப் போடுங்கள். பிழையான கோடு இருந்தால்தான் எவ்வளவு தள்ள வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்.

கோடு நெளிவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது நடுக்கம் இல்லை. எல்லோருடைய கையிலும் மெல்லிய நடுக்கம் ஒன்று எப்போதும் இருக்கிறது, அது கோட்டில் தெரியாது. உங்கள் நெளிவு பெரியது, அலை அலையாக வருகிறது. பென்சில் முனையையே விடாமல் பார்த்து, மெல்ல மெல்ல இழுத்திருக்கிறீர்கள், அப்படித்தானே? கை விலகியதைக் கண் கண்டு, மூளை அறிந்து, கை திருந்துவதற்கு 0.1 முதல் 0.2 செக்கன் வரை செல்லும். ஆறுதலாக இழுத்தால் அதற்குள் ஒரு திருத்தம், அதற்கு மேல் இன்னொரு திருத்தம், திருத்தியதற்கு எதிர்த்திருத்தம் என்று கோடு வாய்க்காலாகிவிடும். சைக்கிள் பழகினதை யோசித்துப் பாருங்கள். முன்சில்லைப் பார்த்து ஓடினால் சைக்கிள் ஆடும். கிடங்கைப் பார்த்தால் கிடங்குக்குள்தான் விழுத்தும். போகிற இடத்தைப் பார்த்தால் நேரே போகும். கோடும் அதேதான். தொடங்குகிற இடத்தில் பென்சிலை ஊன்றுங்கள், முடிகிற இடத்தில் மெல்லிய ஒரு புள்ளி வையுங்கள், கண்ணைப் புள்ளியில் வைத்துக்கொண்டு இழுங்கள். முனையைப் பார்க்கவே வேண்டாம். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டைப் பேப்பரில் ஊன்றாமல் தோளிலிருந்து இழுங்கள். மணிக்கட்டு ஊன்றியிருந்தால் கை தன் பாட்டில் வில்லாக வளையும்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் செய்கிறீர்கள். மைக்கல் லாண்ட் என்ற ஆய்வாளர், ஆட்கள் தேத்தண்ணி போடும்போது கண் போகிற வழியைப் பதிந்து 1999இல் வெளியிட்டார். கேத்திலை எடுக்கக் கை போவதற்கு ஏறக்குறைய அரைச் செக்கன் முன்னாலேயே கண் கேத்திலில் போய் நிற்கிறது. கை அதைப் பிடிக்கிற நேரம் கண் அடுத்த சாமானுக்குப் போய்விடுகிறது. குசினிக்குள் கண் முன்னால் போகும், கை பின்னால் வரும். பென்சிலைத் தொட்டவுடன் மட்டும் கண் கைக்குக் காவல் நிற்கிறது.

கை எவ்வளவு கெட்டிக்காரக் கை என்பதற்கு இன்னொன்று. மேசையில் இருக்கிற பேணியை எடுக்கக் கையை நீட்டுங்கள். பேணியைத் தொடுவதற்கு முன்னமே விரல்கள் அதன் பருமனுக்கு அளவாக விரிந்துவிடும். நீங்கள் அளக்கவில்லை, யோசிக்கவும் இல்லை. பொருளை இன்னதென்று அறிகிற வழியும், கையை அதனிடம் கொண்டுசெல்கிற வழியும் மூளையில் பெரும்பாலும் தனித்தனி என்று குட்டேல், மில்னர் என்ற இருவர் 1992இல் எழுதினார்கள். முற்றாக அப்படிப் பிரிக்க முடியாது என்று பின்னால் விவாதம் நடந்தது, அது எங்களுக்கு வேண்டாம். சித்திரக்காரிக்கு இதிலிருந்து எடுக்க ஒன்று இருக்கிறது. பேணி என்று பெயர் சொல்கிற வழியைக் கொஞ்சம் பேசாமல் இருக்கப் பண்ணினால், மற்ற வழிக்கு இடம் கிடைக்கும். வலது மூளை, இடது மூளை என்று போனில் வருகிற வீடியோக்களை இதோடு சேர்க்காதீர்கள். மூளை அப்படி ஒழுங்காகப் பாகம் பிரித்து வேலை செய்வதில்லை.

பேசாமல் இருக்கப் பண்ணுகிற வழி சொல்கிறேன். பேணியை இப்போதைக்கு எடுத்து வைத்துவிட்டு, ஒரு காய்ந்த பனையோலைத் துண்டையோ சுருண்ட வாழைச்சருகையோ முன்னால் வையுங்கள். அதற்கு உங்கள் மனதில் சொந்த வடிவம் ஒன்றும் கிடையாது. பேப்பரைக் கிளிப்பால் பலகையில் இறுக்கி, பென்சில் பிடித்த கைக்கு மேலே ஒரு துவாயைப் போட்டு மூடுங்கள். கண்ணைச் சருகின் விளிம்பில் ஓரிடத்தில் வைத்து, அந்த இடத்தைத்தான் பென்சிலும் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, விளிம்போடு கண்ணை மெல்ல நகர்த்துங்கள். கண் ஊசி, கை நூல். கண் நின்றால் கை நிற்க வேண்டும். ஐந்து நிமிடம். பேப்பரைப் பார்க்கக் கூடாது. முடிந்து துவாயை எடுக்கும்போது சிரிப்பு வரும், தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சந்திக்காது, சருகு சருகாக இராது. ஆனால் அந்தக் கோட்டைத் துண்டு துண்டாகப் பாருங்கள். ஓரிடத்திலாவது உங்கள் பதினொரு படத்திலும் இல்லாத ஒரு சிலிர்ப்பு இருக்கும். ஒரு கிழமைக்கு நாளுக்கு ஒன்று போதும். கந்தோரால் வந்து தேத்தண்ணி ஆறுகிற நேரம்.

பிறகு பேணிக்கு வாருங்கள். மூக்கு ஒட்டினமாதிரி வருவதற்குக் காரணம் அதற்குப் பெயர் இருப்பது. "உடம்பு" வரைந்து முடித்தீர்கள், பிறகு "மூக்கு" வரைந்தீர்கள். ஆகவே இந்தமுறை மூக்கை வரையாதீர்கள். மூக்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் வெறுமையாக ஒரு கூர்மூலை இருக்கிறதே, பின்னால் சுவர் தெரிகிற இடம், அதை வரையுங்கள். அதன் மேல்விளிம்பு மூக்கின் கீழ்ப்பக்கம். உள்விளிம்பு வயிற்றின் வளைவு. அந்த வெறுமைக்குத் தமிழில் பெயர் கிடையாது, பெயர் இல்லாததால் மூளைக்குச் சொல்லப் பொய்யும் கிடையாது. வெறுமை சரியாக விழுந்தால் மூக்கு தானாக உடம்போடு சேர்ந்து நிற்கும். நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவற்றுள் உடனே பலன் தருவது இது ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணுவேன்.

இருக்கிற விதமும் முக்கியம். பேப்பரை மேசையில் தட்டையாக வைத்துத்தான் வரைந்தீர்கள் என்பது ஏழாவது படத்தின் உயரத்தில் தெரிகிறது: பேணி மேல்நோக்கி இழுபட்டிருக்கிறது. தட்டையான பேப்பரின் மேற்பக்கம் கண்ணுக்குத் தூரம், ஆகவே அது ஒடுங்கித் தெரியும்; அதை ஈடுசெய்ய நீங்கள் அறியாமல் நீட்டிவிடுவீர்கள். பலகையின் ஒரு முனையை மடியிலும் மறுமுனையை மேசை விளிம்பிலும் வைத்துச் சாய்த்துப் பிடியுங்கள், பார்வை பேப்பரில் நேரே விழ வேண்டும். பேணியைப் பலகையின் விளிம்புக்கு மேலால், சற்று இடப்பக்கமாகத் தெரிகிற மாதிரி வையுங்கள் (வலக்கைக்காரர் என்று எண்ணிச் சொல்கிறேன்). அப்போது தலை அசையாமல் கண் மட்டும் மேலும் கீழும் போய்வரும். தலை ஆடினால் பேணியின் வாயும் ஆடும். முதல் கோடு போட்டபோது 3 பங்காக இருந்தது, கூனியவுடன் 2 பங்காகும்.

கண்ணாடிக்கு வருகிறேன் என்று இருந்தேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி புத்தகம் பிடிக்கிற தூரத்துக்குப் போட்டது, 40 சென்ரிமீற்றரளவு. அதைப் போட்டுக்கொண்டு மூன்றடிக்கு அப்பால் இருக்கிற பேணியைப் பார்த்தால் விளிம்பு கரைந்து தெரியும். கழற்றினால் பேணி தெளியும், பேப்பர் மங்கும். கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் ஒவ்வொரு தரமும் தலை அசையும். உங்களுக்கு நான் மேலே சொன்ன "அடிக்கடி பார்" என்பதே அலுப்பான வேலையாக மாறியிருக்கும், அதனால்தான் ஒருதரம் பார்த்துவிட்டுக் குனிந்து வரைந்திருப்பீர்கள் என்பது என் ஊகம். கண்ணாடிக் கடையில் சும்மா "வாசிக்க" என்று கேட்காமல், பேப்பர் இவ்வளவு தூரம், பொருள் இவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லிக் கேளுங்கள். அதுவரை எட்டத்தில் வைத்த பேணிக்குக் கண்ணாடி வேண்டாம், தடித்த பென்சிலால் பெரிதாக வரையுங்கள், பேப்பர் கொஞ்சம் மங்கினால் குடிமுழுகிப் போகாது. இதோடு ஒன்று: நிலைக்கதவின் நேர்விளிம்பு ஒரு கண்ணுக்கு வளைந்தோ உடைந்தோ தெரிந்தால், அது சித்திரப் பிரச்சினை இல்லை, தாமதிக்காமல் போதனா வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை, வயது நாற்பது தாண்டிய எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

மகனின் யோசனை. பிள்ளையைப் பேசாதீர்கள். படத்தின் மேல் பேப்பரை வைத்து வரைவது பாவம் இல்லை. ஆனால் அதில் கைக்குத்தான் வேலை, கண்ணுக்கு லீவு. உங்கள் கைக்கு ஏற்கெனவே வேலை தெரியும். இன்னொன்று, போனைப் பேணிக்குக் கிட்டப் பிடித்து எடுத்தால் முன்பக்கம் பெருத்து, மூக்கு உங்களைக் குத்த வருகிற மாதிரித் தெரியும். நீங்கள் கதிரையிலிருந்து பார்க்கிற பேணி அது இல்லை. போனை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். வரைந்து முடித்த பிறகு, உங்கள் கண் இருந்த அதே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து, வாயின் அகலத்தையும் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து, உங்கள் படத்தின் அளவோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். 8க்கு 6, 8க்கு 5, 8க்கு 4 என்று இறங்கி வருவதைக் கணக்குக்காரர் நீங்கள் ரசிப்பீர்கள். "கை வராது" என்றவனையும் பக்கத்தில் இருத்தி அதே பேணியை வரையச் சொல்லுங்கள். சோதனையில் பொருளை வைத்துப் பார்த்து வரையச் சொன்னால் அவனும் 6 தான் போடுவான்.

படம் அனுப்பினால் பார்ப்பேன், இலக்கம் போடுங்கள். பேணியைப் புளி போட்டு மினுக்க உங்களுக்குக் கை துருதுருக்கும், வரைகிற பொருள் அழகாக இருக்கட்டும் என்று. வேண்டாம். மினுக்கினால் யன்னலும் விளக்கும் உங்கள் முகமும் அதில் விழும், கண் விளிம்பை விட்டுவிட்டு அந்த மினுக்கத்துக்குப் பின்னால் ஓடும். களிம்பு பிடித்த மேனிக்கே யன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்தால் மட்டும் விழட்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு உங்கள் விறாந்தையில் எந்தப் பக்கத்தால் வெயில் வரும் என்று எழுதியிருந்தால் எங்கே வைப்பது என்பதையும் சொல்லியிருப்பேன்.